அருங்காட்சிச் சோலையில் ஒரு கோடைக்காலை

கோடைக்காலம் என்றதும் நம்மவர் மனத்தில் தோன்றுவன இரண்டு. ஒன்று வெயில், மற்றொன்று பள்ளி விடுமுறை. மூன்றாவது ஒன்றும் உண்டு. அதுதான் பறவைகளின் இல்லறம். மலையாளக் கரையிலே தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத் தொடக்கத்தில் இறங்கிவிடும். இடவ மாதத்தின் பாதியில் வருவதால் இங்கே அதற்கு 'இடவப்பாதி' என்று பெயர். அம்மழை கொட்டத் தொடங்கிவிட்டால் கூடு நனையும், குஞ்சு குளிரும், இரை தேடுவதும் அரிதாகும். ஆகவே பல பறவைகள் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களிலேயே துணை தேடிக் கூடு கட்டிக் குஞ்சுகளையும் பறக்கவிட்டுவிட விரைகின்றன. நாம் வெயிலை நொந்துகொள்ளும் அதே நாட்களில் அவை மிகுந்த சுறுசுறுப்போடு குடும்பம் நடத்துகின்றன. அக்காட்சியைக் காண விரும்புவோர் காடு தேடிப் போக வேண்டுவதில்லை. நகரத்துப் பூங்கா ஒன்றே போதும். காலையில் சற்று முன்னதாக எழுந்தால் போதும்.

திருவனந்தபுரத்தில் அப்படிப்பட்ட பூங்கா, மக்கள் 'மியூசியம்' என்றே வழங்கும் அருங்காட்சியகத் தோட்டமாகும். அதன் வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். திருவிதாங்கூரில் ஆங்கில அரசின் பிரதிநிதியாக இருந்த ஜெனரல் கல்லன் என்பவரின் முயற்சியால், உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜா காலத்தில், 1857-இல் இங்கே அருங்காட்சியகம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஈராண்டு கழித்து 1859-இல் விலங்குக்காட்சிச்சாலையும் பூங்காவும் அதனோடு சேர்ந்தன. முதலில் இருந்த கட்டடத்தை நீக்கிவிட்டு எழுப்பப்பட்டதே இன்று நாம் காணும் வண்ண மாளிகை. அது 1880-இல் நிறைவுற்றது. சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதற்கு வரைபடம் அமைத்தவர் ராபர்ட் சிஷோம். சென்னைப் பல்கலைக்கழகத்துச் செனட் மண்டபத்தைக் கட்டியவரும் அவரே. ஆதலால் மெரினாக் கடற்கரையை அறிந்த தமிழர் எவரும் இங்கே வந்து நின்றால், அந்தக் கட்டடக்கலையின் சாயலை உடனே கண்டுகொள்வர்.

நூற்றாண்டு கடந்த மரங்கள் நிழல் விரிக்கும் இத்தோட்டத்தில் விடியற்காலையில் நடக்க வருவோர் பலர். பணி ஓய்வு பெற்றவர்கள், மருத்துவர் சொல்லுக்கு அஞ்சி வந்தவர்கள், ஓட்டப் பயிற்சி செய்யும் இளைஞர்கள் எனப் பல திறத்தினர். அவருள் பெரும்பாலோர் எதிரே வருபவரைப் பார்க்கின்றனர்; கைக்கடிகாரத்தைப் பார்க்கின்றனர்; மேலே பார்ப்பவர் சிலரே. மேலே பார்ப்பதற்கும் முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. அது கேட்பது. விடியும் நேரத்தில் காற்று அசைவற்றிருக்கும். வண்டிகளின் இரைச்சலும் குறைவு. இரை தேட வெளிச்சம் போதாத அந்த வேளையில் தன் எல்லையை அறிவிக்கவும் துணையை அழைக்கவும் குரலே பறவைக்குக் கருவி. எனவே பூங்காவில் நுழைந்ததும் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று செவியைத் திறந்து வையுங்கள். கண் பின்னால் வரும்.

முதலில் கேட்பது பெரும்பாலும் குக்குறுவானின் குரல். 'குட்ரூ, குட்ரூ' என்று ஒன்று தொடங்கும். வேறொரு மரத்திலிருந்து மற்றொன்று விடை கூறும். சற்று நேரத்தில் தோட்டம் முழுவதும் அதே பேச்சாகிவிடும். ஆனால் பறவை மட்டும் கண்ணில் படாது. இலையின் பச்சையும் அதன் உடலின் பச்சையும் ஒன்றாகிவிடுவதே காரணம். ஆல், அரசு, அத்தி ஆகிய மரங்களின் பழங்கள் அதற்கு விருப்பமான உணவு. பட்டுப்போன மென்மையான கிளையில் துளையிட்டு அதற்குள் முட்டையிடும். பட்ட கிளையை 'அழகுக் குறை' என்று எண்ணி வெட்டிவிடும் தோட்டக்காரர், தம்மை அறியாமலே ஒரு குடும்பத்தின் வீட்டைப் பறித்துவிடுகிறார். வழியில் செல்வோர் தலையில் விழக்கூடிய கிளையை அகற்றத்தான் வேண்டும். அவ்வாறான ஆபத்து இல்லாத இடத்தில் அதை விட்டுவைப்பதே அறிவுடைமை.

அடுத்துக் கேட்பது குயில். நம் கவிஞர்கள் குயிலைப் பெண்ணாகவே பாடிப் பழகிவிட்டனர். உண்மையில் ஒவ்வொரு குரலுக்கும் சுருதி ஏற்றிக்கொண்டே போகும் அந்தப் பாட்டுக்காரன் ஆண்குயில். கருநிறமும் சிவந்த கண்ணும் உடையவன். பெண்குயில் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகள் உடையது. காக்கையின் கூட்டில் முட்டையிடுவது. காக்கைகள் ஆண்குயிலைத் துரத்திக்கொண்டு போகும் அமளியில் பெண்குயில் தன் காரியத்தை முடித்துக்கொள்வதும் உண்டு.

நேயர்களே, என் தொழில் மொழிபெயர்ப்பு. ஒரு மொழியிலுள்ள சொல்லுக்கு மற்றொரு மொழியில் நேர்ச்சொல் தேடுவதே நாள்தோறும் நான் செய்வது. சுற்றறிக்கைகளும் விதிமுறைகளும் விண்ணப்பப் படிவங்களுமாகக் கழியும் அந்த வேலையில் கிட்டாத ஒரு மகிழ்ச்சி இந்தத் தோட்டத்தில் எனக்குக் கிட்டியது. சென்ற கோடை விடுமுறையில் என் மகள் என்னோடு நடக்க வந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஆறாம் வகுப்பில் படிப்பவள். வேலி ஓரத்தில் கருப்பும் வெள்ளையுமாக ஒரு சிறு பறவை வாலை நிமிர்த்திக்கொண்டு இனிமையாகச் சீழ்க்கை அடித்தது.

"அப்பா, வண்ணாத்திப்புள்ளு!" என்றாள். பிறகு சற்றே யோசித்து, "தமிழில் இதற்குப் பெயர் உண்டா?" என்று கேட்டாள்.

தமிழில் இதற்குப் பெயர் என்ன என்று அவள் கேட்கவில்லை. பெயர் உண்டா என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில், வெளிமாநிலங்களில் வாழும் நம் எல்லோருடைய வீட்டுக் கதையும் அடங்கியிருக்கிறது. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். ஆனால் அந்தத் தமிழ் சோறு, குழம்பு, உடை, உறவு என்ற வட்டத்துக்குள் நின்றுவிடுகிறது. மரத்துக்கும் பறவைக்கும் பூச்சிக்கும் உள்ள பெயர்களைப் பள்ளியிலும் தெருவிலும் வேறு மொழியில் கற்றுக்கொள்கின்றனர். நாளடைவில், தாய்மொழி அடுக்களைக்குள் வழங்குவது, வெளியுலகத்தைக் குறிக்க அதில் சொல் இல்லை என்ற எண்ணம் அவர்கள் உள்ளத்தில் வேரூன்றிவிடுகிறது.

"உண்டு அம்மா. வண்ணாத்திக்குருவி என்போம், குண்டுக்கரிச்சான் என்றும் சொல்வோம். நீ சொன்ன பெயரில் கடைசியாக வரும் 'புள்' இருக்கிறதே, அதுவும் தமிழ்தான். பறவைக்குப் பழந்தமிழில் அதுவே பெயர்" என்றேன். மார்கழிப் பாவைப்பாட்டில் அவளுக்குப் பழக்கமான சொல்தான் அது. நம் பேச்சுத் தமிழில் 'புள்' வழக்கொழிந்துவிட்டது. மலையாளத்துச் சிறுவர் வாயிலோ இன்றும் உயிரோடு உலவுகிறது. எழுத்திலே நாம் காத்துவைத்த சொல்லை அவர்கள் தெருவிலே காத்துவைத்திருக்கிறார்கள்.

அன்று முதல் பறவையோடு பெயரையும் சேர்த்துத் தேடுவது எங்கள் வழக்கமாயிற்று. நாள்தோறும் நடக்க வரும் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எங்களுக்குத் துணையானார். செம்பழுப்பு உடலும் நீண்ட வாலும் உடைய வால்காக்கையைக் காட்டி, "சாரே, அது ஓலேஞ்ஞாலி" என்றார். ஓலையில் ஞாலுவது ஓலேஞ்ஞாலி. ஞாலுதல் என்றால் தொங்குதல் என்று தமிழ் அகராதி கூறும். தென்னங்கீற்றைப் பற்றித் தொங்கியபடி பூச்சி பொறுக்கும் அப்பறவைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் உண்டோ? வாலின் நுனியில் இரண்டு துடுப்புகள் போன்ற இறகுகளோடு பறக்கும் துடுப்புவால் கரிச்சானுக்கு இங்கே 'காடுமுழக்கி' என்று பெயர். பிற பறவைகளின் குரலையெல்லாம் தன் குரலாக்கி முழக்குவது அது. நண்பகல் வெயிலில் 'டொக், டொக்' என்று செம்புப் பாத்திரம் தட்டுவதுபோல் ஒலிக்கும் செம்மார்புக் குக்குறுவானை 'செம்புகொட்டி' என்பர். செம்போத்து இரு மொழியிலும் செம்போத்துதான், மரங்கொத்தியும் அப்படியே. நம்முடைய நீர்க்காகம் இவர்களுடைய நீர்க்காக்கை.

வக்காவின் கதை இன்னும் சுவையானது. விலங்குக்காட்சிச்சாலைப் பக்கத்துக் குளக்கரை மரங்களில் அது தங்கும். இரவெல்லாம் நீர்நிலைகளில் மீன் தேடிவிட்டு, நாம் நடக்கப் புறப்படும் நேரத்தில் வீடு திரும்பும். 'வக், வக்' என்று அது கத்துவதைக் கேட்டுத் தமிழர் 'வக்கா' என்றனர். அது உலவும் பொழுதைப் பார்த்து மலையாளிகள் 'பாதிராக்கொக்கு' என்றனர். பாதி இரவின் கொக்கு என்பது பொருள். ஒருவர் காதால் பெயரிட்டார்; மற்றவர் கண்ணால் பெயரிட்டார். இரண்டையும் அறிந்தவனுக்கு அந்தப் பறவையின் குரலும் தெரியும், குணமும் தெரியும். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் நான் துணிந்து சொல்வேன்: இரண்டாவது பெயர் முதற்பெயரின் இடத்தைப் பறிப்பதில்லை, அதன் அருகில் உட்காருகிறது.

இனிச் சிறிது தரையையும் பார்ப்போம். மாமரத்தின் தாழ்ந்த கிளையில் பச்சை இலைகளைச் சேர்த்துத் தைத்த பந்து போன்ற கூடு தெரிகிறதே, அது முசிற்றெறும்பின் மாளிகை. மலையாளத்தில் 'நீறு' என்றும் 'புளியுறும்பு' என்றும் சொல்வர். எறும்புகள் வரிசையாக நின்று இலைகளின் ஓரத்தை இழுத்துப் பிடிக்க, வேறு சில எறும்புகள் தம் புழுக்களை வாயில் கவ்வி வந்து, அவை கக்கும் பட்டுநூலால் இலைகளைப் பிணைக்கின்றன. குழந்தையையே ஊசியாகக் கொண்டு வீடு தைக்கும் தொழிலாளர்கள் அவை. கடித்தால் தீப்பட்டதுபோல் எரியும்; தூர நின்று பார்ப்பதே நலம்.

வெயில் சற்று ஏறினால் வண்ணத்துப்பூச்சிகள் புறப்படும். அவற்றின் இறகுக்குச் சூடு ஏறினால்தான் பறக்க இயலும். ஆகவே இவை பறவைகளைப்போல் விடியலில் எழுவதில்லை. கேரள அரசு 2018-இல் 'புத்தமயூரி' என்ற வண்ணத்துப்பூச்சியைத் தன் மாநிலச் சின்னமாக ஏற்றது. மறு ஆண்டே தமிழ்நாடு 'தமிழ் மறவன்' என்பதை ஏற்றது. ஒருபுறம் புத்தர், மறுபுறம் மறவர்! இரண்டுமே மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாயகமாகக் கொண்டவை. மலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற வேறுபாடு நமக்குத்தான்.

எல்லா உயிரும் எல்லார்க்கும் இனியன அல்ல என்பதும் உண்மை. 2018 மே மாதத்தில் கோழிக்கோட்டுப் பகுதியில் 'நிபா' என்னும் கொடிய நோய் தோன்றிப் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. பழந்தின்னி வௌவால்களின் உடலில் அந்நோய்க்கிருமி தங்குவது தெரிந்ததும் அச்சம் பரவியது. வௌவால் தங்கும் மரங்களை வெட்டிவிடலாம் என்று பேசியவர்களும் இருந்தனர். அறிவியலார் கூறுவது வேறு. கூட்டத்தைக் கலைத்தால் அவை நாலா திசையும் சிதறும். அதனால் ஆபத்து குறையாது, கூடவும் கூடும். வௌவால் கடித்த பழத்தை உண்ணாதிருப்பது, மரத்தின் அடியில் விழுந்து கிடப்பதைப் பிள்ளைகள் எடுக்காமல் பார்த்துக்கொள்வது, பழத்தைக் கழுவித் தோல் நீக்கி உண்பது, மூடிவைக்காத கள்ளையும் பதநீரையும் விலக்குவது ஆகியவையே காப்பு. பூக்களில் மகரந்தம் சேர்த்தும் விதைகளைப் பரப்பியும் மரங்களை வாழவைப்பது அந்த வௌவால்தான் என்பதையும் மறத்தலாகாது. அச்சம் வேண்டிய இடத்தில் எச்சரிக்கை போதும், கோடரி வேண்டுவதில்லை.

நகைச்சுவைக்கும் இங்கே குறைவில்லை. 2023 ஜூன் மாதத்தில், திருப்பதி விலங்குக்காட்சிச்சாலையிலிருந்து கொண்டுவந்த அனுமன் குரங்கு ஒன்று கூட்டைவிட்டு வெளியேறிவிட்டது. மூன்று வாரத்துக்கு மேல் அது நகரத்து மரங்களில் உலாவியது. காவலர்கள் கீழே, குரங்கு மேலே; வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. ஜூலைத் தொடக்கத்தில் தைக்காட்டில் அது பிடிபட்டது. இச்செய்தியைப் படித்து எல்லோரும் சிரித்தோம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: இலையைத் தின்று வாழும் ஒரு விலங்கு, ஒரு தலைநகரத்தின் நடுவே அத்தனை நாள் உயிர்வாழ முடிந்தது என்றால், அந்த நகரத்தில் இன்னும் மரங்கள் மிஞ்சியிருக்கின்றன என்பதற்கு அதைவிடச் சான்று வேறு எது?

இவற்றையெல்லாம் நமக்குக் காணக் கற்பித்தவர்கள் சிலரை நன்றியோடு நினைக்கவேண்டும். 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தவர் சலீம் அலி. அந்த ஆராய்ச்சியின் பயனாக 1953-இல் அவர் நூல் வெளிவந்தது. பொதுமக்களுக்காக மலையாளத்திலேயே எழுதியவர் கே. கே. நீலகண்டன், 'இந்துசூடன்' என்பது புனைபெயர். ஆங்கில ஆசிரியராகப் பணிபுரிந்த அவர் 1958-இல் வெளியிட்ட 'கேரளத்திலே பக்ஷிகள்' என்னும் நூல், ஊர்ப்பெயர்களையெல்லாம் அச்சில் ஏற்றி நிலைக்கச் செய்தது. நம்மவரில் மா. கிருஷ்ணன், 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-இல் மறையும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இடைவிடாது இயற்கையைப் பற்றி எழுதினார், தமிழிலும் எழுதினார். மூவருமே பறவையைப் பொறுமையால் அறியலாம் என்று காட்டியவர்கள்.

தோட்டத்தில் சித்திரை மாதத்தில் காணாமற்போகும் ஒரு பறவையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆறுமணிக்குருவி என்பது அதன் பெயர். காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் அப்பெயர் வந்தது. பச்சை, நீலம், மஞ்சள், செம்மை எனப் பல நிறம் கொண்டது. ஐப்பசி வாக்கில் வடக்கிலிருந்து வந்து, தென்னாட்டிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, கோடை முதிர்வதற்குள் மீண்டும் வடக்கே போய்க் கூடு கட்டும். அங்கே அதனை இந்தியில் 'நவரங்' என்பர். தெற்கே அதன் நேரத்தைக் கொண்டு பெயர். வடக்கே அதன் நிறத்தைக் கொண்டு பெயர். போகுமிடமெல்லாம் பெயர் மாறுகிறது. குரலும் நிறமும் மாறுவதில்லை. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நம் போன்றோர்க்கு இதைவிட நல்ல தோழன் எவன்?

அதற்கு மாறாக, இடம்பெயராமலே இடம் இழந்துவரும் பறவையும் உண்டு. அது நம் சிட்டுக்குருவி. 'அடைக்கலாங்குருவி' என்று நம் பாட்டிமார் சொல்வர். மனிதனை அண்டி அடைக்கலம் புகுந்தது என்பது கருத்து. மலையாளத்தில் அது 'அங்ஙாடிக்குருவி'. திவான் ராஜா கேசவதாசன் அமைத்த சாலைக் கடைத்தெருவில், அரிசி மூட்டைகளுக்கிடையே அது தத்தித் திரிவதைப் பார்த்தால் அப்பெயரின் பொருத்தம் விளங்கும். தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் தெரு அது. ஓட்டுக்கூரைக்கும் சுவர்ப்பொந்துக்கும் பதிலாகக் கண்ணாடியும் சிமெண்டும் வந்தபின், தானியம் பொட்டலத்துக்குள் அடைபட்டபின், குருவி எங்கே கூடு கட்டும்? எதைத் தின்னும்? கடை வாயிலில் ஒரு மண்கலயத்தைத் துளையிட்டுத் தொங்கவிடும் வணிகர் ஒருவர், அடைக்கலம் என்ற சொல்லைப் பொய்யாகாமல் காக்கிறார்.

நேயர்களே, நீங்கள் பெங்களூரில் இருந்தால் லால்பாக் இருக்கிறது; டில்லியில் லோடித் தோட்டம் இருக்கிறது; கல்கத்தாவில் ரவீந்திர சரோவர் இருக்கிறது. எந்த ஊரில் இருந்தாலும் நடக்கும் தொலைவில் நாலு மரம் இருக்கும். இந்தக் கோடையில் சில காலைகளையேனும் பிள்ளைகளோடு அங்கே கழியுங்கள். ஆறு மணிக்குப் போங்கள், எட்டரைக்குள் திரும்புங்கள். அதற்குமேல் பறவைகளே நிழல் தேடி ஒதுங்கிவிடும். கையில் பிஸ்கோத்துப் பொட்டலம் வேண்டாம். அணிலுக்கும் காக்கைக்கும் நம் தின்பண்டம் நன்மை செய்வதில்லை. வீட்டு மாடத்தில் அகன்ற மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். கொசு முட்டையிடாதபடி நாள்தோறும் கழுவி மாற்றுங்கள். ஒரு சிறு குறிப்பேட்டில் மூன்று பத்தி வகுத்துக்கொள்ளுங்கள். முதற்பத்தியில் கண்டதை எழுதுங்கள். இரண்டாவதில் அவ்வூர் மக்களைக் கேட்டு அவர்கள் சொல்லும் பெயரை எழுதுங்கள். மூன்றாவதில் தமிழ்ப்பெயரை எழுதுங்கள். தெரியாவிட்டால் ஊருக்குக் கடிதம் போட்டுத் தாத்தாவையோ பாட்டியையோ கேளுங்கள். பேரன் பேத்தி பறவையின் பெயர் கேட்டு எழுதும் கடிதத்தைப்போல் அவர்களை மகிழ்விப்பது வேறொன்றும் இராது.

அக்குறிப்பேடு ஓர் ஆண்டில் நிறையும். நிறைந்தபின் அதைப் புரட்டிப் பார்க்கும் குழந்தை, தமிழில் பெயர் உண்டா என்று ஒருபோதும் கேட்காது. எத்தனை பெயர் உண்டு என்று கேட்கும்.